அழுக்கணவனும் வெண் ஈயும் எங்கள் அண்ணரும்

புத்தூரில் பிறந்து, அந்த மண்ணிலேயே தோட்டம் செய்து, நிறைவாக வாழ்ந்து கண்மூடியவர் எங்கள் அண்ணர். எங்கள் தகப்பனாரான ஐயா இளவயதிலேயே காலமானதால் படிப்பை விட்டு மண்வெட்டியைப் பிடித்தார். என்னைப் படிப்பித்தவரும் அவரே. நான் உத்தியோகத்தில் ஓய்வு பெற்று, அயலவரோடு முறை வைத்து இறைக்கும் எங்கள் பங்குக் கிணற்றின் மறுபக்கத்தில், அண்ணரின் தோட்டத்தை ஒட்டி மிளகாய் வைத்தபோது, எல்லாம் தெரிந்தவன் போலத்தான் நடந்துகொண்டேன்.

முதற் போகத்திலேயே இலைகள் சுருண்டு பிசுபிசுத்தன. கிணற்றடியில் நின்றபடியே அழுக்கணவன், அதாவது அசுவினிப் பூச்சி, என்று முடிவு கட்டி, சவர்க்காரத் தண்ணீர் தெளித்தேன். ஒரு கிழமை கழித்து அண்ணர் வந்தார். குனிந்து ஒரு கன்றை மெல்லத் தட்டினார். வெள்ளையாகச் சின்னஞ்சிறு பூச்சிகள் கிளம்பிப் பறந்தன.

“அழுக்கணவன் எண்டால் தட்டினாலும் குருத்தை விட்டு அசையான். இது வெண் ஈ. ரெண்டும் சாறுதான் குடிக்கிறது. ஆனா உவன் சுருட்டை நோயையும் காவிக்கொண்டு திரிவான். சுருண்ட கண்டுகளைப் பிடுங்கி எரிச்சுவிடு.”

எல்லாம் பூத்து நின்ற கன்றுகள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. “உங்கடை தோட்டம் தப்பவேணும் எண்டு என்ரையை அழிக்கச் சொல்லுறியளோ?” என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

அண்ணர் தன் தோட்டத்துக்குள் போய், வரம்போரம் சுருளத் தொடங்கியிருந்த கன்றுகளைக் காயோடு பிடுங்கினார். பிறகு என்னிடம் வந்து, “இனி உன்ரை பக்கம் பிடுங்குவமோ?” என்றார். வெட்கத்தோடு கூடப் பிடுங்கினேன். இரண்டு தோட்டத்திலும் மிச்சம் தப்பியது.

அதன்பின் நான் எந்தச் செய்தியோடு போனாலும் அவருக்கு ஒரே கேள்விதான்: “தட்டிப் பாத்தனியோ?” என் மகளுக்குப் பேசிவந்த மாப்பிள்ளையை நான் புகழ்ந்தபோதும் அதையே கேட்டார். அவருடைய துணைவியார், எங்கள் மச்சாள், தேத்தண்ணீர்க் கோப்பையை வைத்துவிட்டுச் சிரித்தார். கடைசி நாட்களில் வைத்தியசாலைக் கட்டிலிலும் அந்தப் பகிடி குறையவில்லை.

அந்த நாட்களில் இரவு பகல் பாராமல் கூட நின்றவர்களுக்கும், கிரியைகளுக்குத் தோள் கொடுத்தவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. தங்கள் முறையை விட்டுக்கொடுத்து அண்ணரின் கன்றுகளுக்குத் தண்ணீர் இறைத்த பங்குக்காரரை எப்படி மறப்போம்?

அந்தக் கன்றுகள் இப்போது காய்த்திருக்கின்றன. நேற்றுக் காலை ஒரு குருத்தில் பிசுபிசுப்பைத் தேடி எறும்பு ஏறுவதைக் கண்டேன். குனிந்து பார்த்தால் அழுக்கணவன் போலத்தான் இருந்தது.

ஓம் அண்ணை, தட்டிப் பாத்தனான். ஒண்டும் பறக்கேல்லை.