கால் நொடித் தாமதம்

என் மனைவிக்குத் துறைமுகத்தில் ‘பூனை’ என்று பெயர். கிரேன் ஓட்டுகிறவள். கப்பலிலிருந்து இரும்புப் பெட்டியைத் தூக்கி லாரியின் மேல் இவள் இறக்கினால் சத்தமே வராதாம். மற்றவர்கள் இறக்கும்போது பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற டிரைவர்கள், இவள் இறக்கினால் “வெச்சாச்சா?” என்று தலையை வெளியே நீட்டிக் கேட்பார்களாம். இதை எனக்குச் சொன்னவரே ஒரு லாரி டிரைவர்தான். நான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு வந்தவர், பூனை என் மனைவி என்று தெரியாமல் வெகுநேரம் புகழ்ந்தார். நானும் வாயைத் திறக்காமல் கேட்டுக்கொண்டேன். வீட்டில் அவள் பாத்திரம் கழுவி வைக்கிற சத்தத்தை அந்த மனிதர் கேட்டதில்லை.

நான் லென்ஸ் வெட்டி ஃபிரேமில் பொருத்துகிறவன். ஸ்டூலில் உட்கார்ந்து செய்கிற வேலை, விழுந்தால் கண்ணாடிதான் விழும். அவள் உட்காருவது பத்துப் பன்னிரண்டு மாடி உயரத்தில், கண்ணாடித் தரை போட்ட ஒரு கூண்டில். வேலை நேரம் முழுக்க முழங்கால்களுக்கு நடுவே குனிந்து கீழேயே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். காற்று பலமாக அடித்தால் எனக்குக் கடையில் வேலை ஓடாது. அதை அவளிடம் சொன்னதில்லை. சொன்னால் ஒரு வாரத்துக்குக் கிண்டல் செய்வாள்.

இப்படி வேலை செய்துவிட்டு வருகிறவள் வீட்டில் காலை நீட்டிப் படுப்பாள் என்றுதானே நினைப்பீர்கள். இல்லை. முன்னறை மூலையில் அவளே கட்டிய கம்ப்யூட்டர் ஒன்று இருக்கிறது. அதன் முன்னால் உட்கார்ந்து, கையில் ஜாய்ஸ்டிக்கைப் பிடித்துக்கொண்டு, ஹெலிகாப்டர் ஓட்டுவாள். சும்மா ஓட்டுவதில்லை. அந்த விளையாட்டில் ஹெலிகாப்டருக்கு அடியில் கயிறு கட்டி மரக்கட்டை, தண்ணீர்த் தொட்டி, ஜெனரேட்டர் என்று எதையாவது தொங்கவிட்டு மலைக்கு மலை கொண்டு போக வேண்டும். பகலெல்லாம் கயிற்றில் பெட்டியைத் தொங்கவிட்டுவிட்டு வந்து, சாயங்காலமும் அதையே செய்கிற ஒருத்தியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

“நான் வீட்டுக்கு வந்து லென்ஸ் வெட்டுற கேம் விளையாடினா நீ என்ன சொல்லுவ?” என்று ஒருமுறை கேட்டேன்.

“அப்படி ஒண்ணு இருந்தா நானே வாங்கித் தருவேன். கொஞ்சம் தள்ளுங்க, வெளிச்சத்தை மறைக்கிறீங்க.”

அந்தக் கம்ப்யூட்டர் ஒரே நாளில் வந்ததல்ல. அவளுடைய தம்பி, என் மைத்துனன், கம்ப்யூட்டர் பாகங்கள் விற்றுப் பழுதும் பார்க்கிற கடை வைத்திருக்கிறான். அங்கிருந்து ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தது. ஒரு வருடம் பெட்டியும் மதர்போர்டும், அடுத்த வருடம் பெரிய பிராசசர், அதன் பிறகு ஒரு செங்கல் கனத்துக்குக் கிராபிக்ஸ் கார்டு. பிராசசரின் சூட்டை இறக்குவதற்காக அதன் மேல் ஒரு பசை தடவுவார்கள். அந்தப் பசையைத் தடவும்போது என்னை மூச்சுக்கூட விட விடமாட்டாள். ஆனால் அவளுக்கு உண்மையான வெறி, படத்தின் அழகிலே இல்லை, தாமதத்தைக் குறைப்பதிலே. கையை அசைத்ததும் திரையில் படம் அசைந்துவிட வேண்டும். “நடுவுல யாரும் நிக்கக் கூடாது” என்பாள். அந்தக் கண் இமைக்கிற நேரத்தைச் சுருக்குவதற்காக அக்காவும் தம்பியும் ஞாயிற்றுக்கிழமை முழுவதும் ஏதேதோ திருகிக்கொண்டிருப்பார்கள். முன்னும் பின்னும் காட்டி “வித்தியாசம் தெரியுதா மாமா?” என்று மைத்துனன் கேட்பான். எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. பிரமாதம் என்று சொல்லிவிட்டு டீ போடப் போய்விடுவேன்.

வருடக்கணக்காகக் குனிந்த அந்த முதுகுதான் கடைசியில் காலை வாரியது. ஒரு நாள் காலையில் கட்டிலிலிருந்து எழ முடியவில்லை. எலும்பு டாக்டர் எக்ஸ்ரே படத்தைப் பார்த்துவிட்டு, “ஏணி ஏறுறதை மறந்துடுங்க” என்றார். அவள் ஓட்டுகிற கிரேனில் பாதி தூரத்துக்குத்தான் லிஃப்ட், மீதி ஏணி.

எங்கள் நல்ல நேரம் என்றுதான் அப்போது நினைத்தோம், துறைமுகத்தில் புதிதாக ஒரு கட்டுப்பாட்டு அறை கட்டியிருந்தார்கள். இனிமேல் யாரும் மேலே ஏற வேண்டாம். தரையில், குளிர்சாதன அறையில் உட்கார்ந்து, கேமரா காட்டுகிற படத்தைப் பார்த்து ஜாய்ஸ்டிக்கால் கிரேனை ஓட்டலாம். ஆனால் அதற்கு ஒரு தேர்வு உண்டு. தேறாதவர்களுக்கு வாசல் கேட்டில் லாரி நம்பர் சரிபார்க்கிற வேலை. இவளுக்கென்ன தேர்வு என்று எல்லாருமே சொன்னார்கள். வீட்டிலேயே ஜாய்ஸ்டிக்கும் திரையுமாகக் குடித்தனம் நடத்துகிறவள். நான் கடையில் எல்லாருக்கும் முன்கூட்டியே டீ வாங்கிக் கொடுத்துவிட்டேன்.

அவள் தேறவில்லை. வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தாள்.

“மெயிலைக்கூட ஒத்தை விரல்ல தட்டுற ஆள் பாஸ் பண்ணிட்டாருங்க. நான் ஃபெயில்.”

“என்னதான் ஆச்சு?”

“கையை அசைச்சா படம் உடனே அசைய மாட்டேங்குது. கேமரா, கேபிள், ஸ்கிரீன்னு சுத்தி வர்றதுக்குக் கால் நொடி ஆகுதாம். அதுக்குள்ள நான் இன்னும் கொஞ்சம் தள்ளிடுறேன். ரெண்டும் சேர்ந்து வருது. ஐயையோன்னு திருப்பி இழுத்தா அதுவும் லேட்டா வருது. பெட்டி ஊஞ்சல் ஆடுது. லாரிக்காரர் இறங்கி ஓடிட்டாரு.”

பூனை இறக்கிய பெட்டிக்குப் பயந்து ஒரு லாரிக்காரர் ஓடினார் என்பதைக் கேட்க எனக்கே தாங்கவில்லை. பயிற்சியாளர் நல்ல மனிதர், மாதக் கடைசியில் இன்னொரு வாய்ப்பு தருவதாகச் சொல்லியிருந்தார். அதுவே கடைசி. கேட் வேலையில் முதுகு வலிக்காதே என்று நான் ஆறுதலாக ஏதோ ஆரம்பித்தேன்.

“தினமும் அந்தக் கிரேனைக் கீழ இருந்து அண்ணாந்து பார்த்துக்கிட்டு உக்காரச் சொல்றீங்களா?” என்றாள்.

பயிற்சி போதவில்லை என்று அவள் முடிவு செய்தாள். மைத்துனன் இருப்பதிலேயே வேகமான மானிட்டர் ஒன்றைக் கடையிலிருந்து கொண்டு வந்து மாட்டினான். கம்ப்யூட்டரை மறுபடியும் பிரித்துத் துடைத்து, பசை மாற்றி, பிராசசரை இன்னும் கொஞ்சம் விரட்டினார்கள். அவள் சாப்பிடுகிற நேரம் போக ஹெலிகாப்டரிலேயே குடியிருந்தாள். ஜெனரேட்டரைக் கொண்டுபோய் ஒரு மேஜை அளவு பாறையின் மேல் சத்தமில்லாமல் வைத்தாள். நான் பக்கத்தில் நின்று கைதட்டினேன். ஆனால் துறைமுகத்தில் பயிற்சிக்கு உட்கார்ந்தபோது முன்னைவிட மோசம். கை முந்திக்கொண்டு ஓடியது. வீட்டில் எவ்வளவுக்கு எவ்வளவு தேறினாளோ அங்கே அவ்வளவுக்கு அவ்வளவு சறுக்கினாள். ஏன் என்று எங்கள் மூன்று பேருக்கும் பிடிபடவில்லை.

அன்று சாப்பிடும்போது, அவள் மனதைத் திருப்பலாம் என்று என் கடைக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். தூரத்துக்கும் கிட்டத்துக்கும் சேர்த்து ஒரே லென்ஸாகப் போட்டுக்கொண்ட ஒரு கணக்கு வாத்தியார், தரை மிதக்கிறது, படிக்கட்டு ஆடுகிறது என்று மூன்றாவது தடவையாக வந்து என்னைக் கிழிகிழி என்று கிழித்துவிட்டுப் போயிருந்தார்.

“கடைசியில பார்த்தா, மனுஷன் வெளிய போறப்ப மட்டும்தான் புதுசைப் போடுறாரு. வீட்டுக்கு வந்ததும் பழசை மாட்டிக்கிறாராம். அதுதான் சுகமா இருக்காம். வீட்டுல பழசையே போட்டுக்கிட்டு இருந்தா புதுசு எப்பப் பழகும், நீயே சொல்லு.”

அவள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். நான் ஏதோ தப்பாகப் பேசிவிட்டேன் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

“இன்னொரு தடவை சொல்லுங்க” என்றாள்.

சொன்னேன். கையைக் கழுவிவிட்டுத் தம்பிக்கு போன் போட்டாள். மெஷினை மெதுவாக்க வேண்டும், உடனே வா என்றாள்.

வந்தவன் தலையில் கை வைத்துக்கொண்டான். “ஊர்ல எல்லாரும் வேகமாக்கித் தாங்கன்னு என்கிட்ட வருவாங்க அக்கா. மெதுவாக்கிக் கொடுன்னு கேட்ட முதல் ஆள் நீதான்.”

“அங்க மாதிரியே சரியாக் கால் நொடி வேணும். கூடவும் கூடாது, குறையவும் கூடாது.”

வேகமான மானிட்டரைக் கழற்றினார்கள். அதன் இடத்தில் எங்கள் பழைய டிவி வந்து உட்கார்ந்தது. அந்த டிவியில் படத்தை மெருகேற்றுவதற்கென்று நாலைந்து வசதிகள் உண்டு, அவை போட்டிருந்தால் படம் திரைக்கு வரக் கொஞ்சம் தாமதமாகும். இத்தனை நாள் அவள் திட்டித் தீர்த்த வசதிகள். எல்லாவற்றையும் போடச் சொன்னாள். கம்ப்யூட்டர் ஒரு நொடியில் தயாரிக்கிற படங்களின் எண்ணிக்கையைக் குறைத்துக் கட்டிப் போட்டான் மைத்துனன். செங்கல் கனத்துக் கிராபிக்ஸ் கார்டுக்கு வேலையே இல்லாமல் போய், அதன் காற்றாடிகள்கூட நின்றுவிட்டன.

எனக்கும் ஒரு வேலை கிடைத்தது. அவளுடைய கையும் டிவி திரையும் ஒன்றாகத் தெரியும்படி போனைப் பிடித்து வீடியோ எடுக்க வேண்டும். அதை மெதுவாக ஓட்டிப் பார்த்து, கை அசைந்த பிறகு ஹெலிகாப்டர் அசைய எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று அளந்தார்கள். போதவில்லை. மைத்துனன் ஜாய்ஸ்டிக்கின் சொல்லைக் கொஞ்சம் பிடித்து வைத்துப் பிறகு அனுப்புகிற சின்ன புரோகிராம் ஒன்றை எழுதினான். கூட்டிக் குறைத்து, மறுபடி வீடியோ எடுத்து, கடைசியில் கால் நொடி வந்தது. பாவம், தான் வளர்த்த மாட்டின் காலைக் கட்டுகிறவன் முகம் மாதிரி இருந்தது அவன் முகம்.

முதல் சில நாட்கள் அவள் மலையில் மோதாத இடமே இல்லை. நான் இங்கே எழுத முடியாத வார்த்தைகளை எல்லாம் அப்போதுதான் கேட்டேன். பிறகு மெல்ல மெல்ல ஒரு முணுமுணுப்பு ஆரம்பித்தது. “தள்ளு. விடு. இரு.” கையைக் கொஞ்சம் அசைப்பாள், விட்டுவிடுவாள், படம் வந்து சேரும்வரை பொறுப்பாள். கையைக் கட்டிப் போடுகிற அந்த “இரு”தான் அவளுக்குக் கஷ்டம். பிறவியிலேயே அவளிடம் அது கிடையாது. நான் கேள்வி கேட்டு முடிப்பதற்குள் பதில் சொல்லுகிறவள். அந்த நாட்களில் என் கேள்விக்குக்கூட ஒரு நொடி யோசித்துப் பதில் வந்தது, எனக்குத்தான் பயமாக இருந்தது. டிவி பார்க்க முடியவில்லை என்ற குறையை நான் யாரிடமும் சொல்லவில்லை.

தேர்வு நாள் வந்தது. போன் செய்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் கடையில் ஒரு லென்ஸை அளவு தவறி வெட்டிப் பாழாக்கினேன். இரண்டாவதை எடுக்கப் பயந்து, ஓர் அம்மாவின் ஃபிரேமைச் சூடுபடுத்தி வளைக்கிற சில்லறை வேலையில் உட்கார்ந்தேன். மதியம் தாண்டியும் போன் வரவில்லை. தேறாவிட்டால் போன் செய்யமாட்டாள், எனக்குத் தெரியும். என்ன சொல்லித் தேற்றுவது என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தபோது கடைக் கதவைத் தள்ளிக்கொண்டு அவளே வந்து நின்றாள். முகத்தைப் பார்த்தேன். அழுதிருந்தாள்.

“போன் பண்ணலாம்னுதான் இருந்தேன். பேச்சு வரலை” என்றாள். “வெச்சுட்டேங்க. எல்லாப் பெட்டியும். கடைசிப் பெட்டியை இறக்கிட்டு உக்காந்திருக்கேன், லாரி கிளம்பவே இல்லை. என்னன்னு பார்த்தா டிரைவர் தலையை வெளிய நீட்டி, வெச்சாச்சான்னு கேக்குறாரு.”

என் வயிற்றில் யாரோ பால் வார்த்தார்கள். கையிலிருந்த ஃபிரேமை மேஜையில் வைத்தேன், இல்லாவிட்டால் உடைத்திருப்பேன். அவளுக்கு அவள் கிரேன் இருக்கிறது. அதையும் தரையில் உட்கார்ந்தே ஓட்டலாம். ஏணி இல்லை, கூண்டு இல்லை, காற்றடித்தால் என்ன, புயலே அடித்தால் என்ன. வாய்விட்டு ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. வந்தது அழுகைதான், நன்றாக மூக்கை உறிஞ்சுகிற அழுகை.

“கடையில உக்காந்து என்னங்க இது” என்று சொல்லிக்கொண்டே அவளும் மறுபடி ஆரம்பித்தாள்.

“தம்பிகிட்ட சொல்லி மெஷினைப் பழையபடி வேகமாக்கிடலாம்” என்றேன், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

“அதைத் தொடக் கூடாதுன்னு சொல்லிட்டேன். அப்படியேதான் இருக்கும். நீங்க வேற டிவி வாங்கிக்குங்க.”

ஃபிரேமுக்காகக் காத்திருந்த அம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடி இல்லாததால் பாதிதான் தெரிந்திருக்கும்.

“நல்ல சேதிதானே?” என்று கேட்டார்.

“ரொம்ப நல்ல சேதிம்மா. என் மனைவிக்கு வேலை கிடைச்சிருக்கு.”

“சந்தோஷம். என்ன வேலை?”

“அவ பார்த்துக்கிட்டிருந்த வேலைதான்” என்றேன்.