வெனிங்கின் புத்தகத்தில் இல்லாத ஓவியர்

யோக்யகர்த்தா கலைக் கல்லூரியில் வெனிங் சேர்ந்தது ஓவியம் படிக்கத்தான். ஆனால் தூரிகையை எடுத்தால் சீக்கிரமே சலித்துவிடும். அடுத்தவர் படத்தின் முன்னால் நின்றாலோ பசிகூட மறந்துபோகும். ஆசிரியர்கள் தலையில் அடித்துக்கொள்ள, கலை வரலாற்றுப் பிரிவுக்கு மாறிவிட்டாள்.

அங்கே கிடைத்த வெளிநாட்டுப் புத்தகங்கள் அவளுக்கு எரிச்சலூட்டின. ஆசியாவின் நவீன ஓவியம் என்றால் ஐரோப்பாவைப் பார்த்துத் தாமதமாகப் போட்ட நகல் என்பதுபோல் எழுதியிருந்தார்கள். விடுதலைப் போரின்போது துணி கிடைக்காமல் அரிசிச் சாக்கில் படம் போட்டவர்கள் அவள் தெருவிலேயே இருந்தார்கள். அவர்கள் யாரைப் பார்த்து நகலெடுத்தார்கள்? அந்தக் கோபத்தில் தொடங்கிய வேலை அவள் இளமையைத் தின்றுவிட்டது.

அவளைக் கட்டிக்கொண்ட பிரவோத்தோ ஓட்டல்களுக்குப் படம் போடுகிறவர். எரிமலை, அந்தி வானம், வயலில் எருமை. மறுவாரம் அதே எருமை, வேறு வானம். அந்த எருமைகள்தான் வீட்டு அடுப்பை எரித்தன. செத்துப்போன ஓவியர்களின் வீடுகளுக்கு அவளைத் தன் மோட்டார் சைக்கிளில் கூட்டிப்போவதும் அவர்தான். உள்ளே அவள் அந்தக் காலத்துக் கதைகளைக் கேட்டுக்கொண்டிருக்க, இவர் பரணில் ஏறிப் பூஞ்சை பிடித்த படங்களைத் தும்மிக்கொண்டே இறக்குவார். காபி வருவதற்குள் அந்த வீட்டுக் கோழிகளுக்குக்கூட வேண்டியவராகிவிடுவார்.

"எழுதுறது நீ, தூக்குறது அவரா? நல்லாத்தாம்மா ஆளப் புடிச்சிருக்க" என்று ஓர் ஓவியரின் மனைவி சிரித்தாள்.

கணவரின் படங்கள் சுமார்தான் என்பது வெனிங்குக்குத் தெரியும். அவர் கேட்டதில்லை, அவள் சொன்னதில்லை. தங்கள் நகரத்து ஓவியர்களைப் பற்றிய புத்தகம் முடியும் தறுவாயில் அவருக்காக ஒரு பக்கம் எழுதிப் பார்த்தாள். ஒவ்வொரு வரியும் பொய்யாக வந்தது. கிழித்துப் போட்டுவிட்டாள். ஆனால் மற்றவர் வாயால் அவர் தெரிந்துகொள்ளக் கூடாது என்று, புத்தகம் அச்சுக்குப் போகுமுன் கொல்லையில் தூரிகை கழுவிக்கொண்டிருந்தவரிடம் போய் நின்றாள்.

"மாஸ்" என்று, அந்த ஊர் மனைவிகள் கணவரைக் கூப்பிடும் சொல்லால் கூப்பிட்டாள். "புத்தகத்துல நீங்க இல்ல."

அவர் நிமிரவில்லை. "எருமைகளுமா?" என்றார்.

"அதுகளும் இல்ல."

சிரிப்பார் என்று நினைத்தாள். அவர் துணியால் கையைத் துடைத்துவிட்டு, அண்ணன் வீட்டில் அறுவடை என்று கிளம்பிப் போய்விட்டார். அறுவடைக்கு இன்னும் நாள் இருப்பது அவளுக்குத் தெரியும். அழைக்கப் போகவில்லை. எழுதியதை மாற்றவும் இல்லை. இரண்டும் அவளை உறுத்தின. சமைத்த பலாக்கறி தொடாமலே கெட்டுப்போனது.

ஒரு வாரம் கழித்து, வாழைத்தார் ஒன்றைத் தோளில் சுமந்துகொண்டு வந்து சேர்ந்தார். புத்தகம் வந்ததும், செய்தித்தாளையே முழுதாகப் படிக்காத மனிதர் தினமும் சில பக்கங்களை உதடு அசையப் படித்தார். கடைசியில் ஒருநாள் காலை, வண்டியை எடுத்துவைத்துவிட்டு அவளைக் கூப்பிட்டார்.

"நீ எழுதியிருக்கியே, அந்தக் குருட்டுப் பாட்டுக்காரி படம், அதப் பாக்கணும்."

"அத நீங்கதான பரண்லேர்ந்து எறக்கினீங்க?"

"எறக்கினேன். எங்க பாத்தேன்?"

அதை வரைந்த ஓவியரின் வீட்டு முன்னறையில் படத்தை ஜன்னலோரம் சாய்த்து வைத்தார்கள். பழுப்புச் சாக்கின் முடிச்சுகளே பாட்டுக்காரியின் முகச் சுருக்கங்களாகியிருந்தன. பிரவோத்தோ கிட்டே போய்ப் பார்த்தார், தள்ளி நின்று பார்த்தார். கழுத்தில் அந்தப் பச்சை எதற்கு என்று கேட்டார். அவள் சொன்னாள். மறுத்துப் பேசினார். அவளும் விடவில்லை. வீட்டுக்காரி வைத்த காபி ஆறிப்போனது.

"இவன் பெரிய ஆளுதான், வெனிங்" என்றார் கடைசியில். குரலில் வருத்தமில்லை. "என்னையும் இவன் பக்கத்துல போட்டிருந்தா, நீ எழுதின ஒண்ணையும் நான் நம்பியிருக்க மாட்டேன்."

திரும்பும் வழியில் மழை பிடித்துக்கொண்டது. அவர் முதுகில் கன்னத்தை வைத்துக்கொண்டு, அடுத்து யார் வீட்டுக்குப் போகலாம் என்று கேட்டாள் வெனிங்.