அவருடைய மைல்களில் நான் பறந்தேன்

என் கணவர் குவைத்தில் ஏ.சி. திருத்துகிற வேலை பார்க்கிறார். லீவுக்கு இலங்கைக்கு, கற்பிட்டி வீட்டுக்கு வந்து போகும் ஒவ்வொரு தடவையும் ஒரே விமானக் கம்பனியில்தான் ஏறுவார். ஏறினால் அவர் கணக்கில் மைல் போடுவார்கள். போதிய அளவு சேர்ந்தால் அதற்கு டிக்கெட் தருவார்கள். வருடக்கணக்காகச் சேர்ந்த அந்த மைல்களை அவர் தொட்டதே இல்லை. நான் ஒரு காப்பு வாங்கினால் ‘இப்ப இது எதுக்கு?’ என்று கேட்கிற மனிசன், மைலை மட்டும் பொத்திப் பொத்தி வைத்திருந்தார்.

போன வருடம் கம்பனி விதியை மாற்றியது. அடுத்த மாதத்திலிருந்து அதே டிக்கெட்டுக்கு இரண்டு மடங்கு மைல் வேண்டுமாம். அன்று போனில் அவர் குரலைக் கேட்டதும் யாரோ மௌத்தாகிவிட்டார்கள், சாவுச் செய்திதான் என்றே நினைத்தேன்.

“மைலெல்லாம் பாதியாப் போச்சு,” என்றார்.

“எங்க போச்சு?”

“எங்கயும் போகல்ல, அங்கதான் இருக்கு. ஆனா இனிப் பாதிதான் பெறும்.”

மாதம் முடியுமுன் எல்லாவற்றையும் கொடுத்து, மைலுக்குப் பதிலாகக் கம்பனி தருகிற சாமான்களில் ஒரு கோப்பி மெஷின் எடுக்கப்போவதாகச் சொன்னார். கம்பஸ் படிப்பு லீவில் வீட்டிலிருந்த மகள் போனைப் பறித்தாள்.

“வாப்பா, அந்த மெஷினுக்குக் குடுக்கிற மைல்ல உம்மாவே அங்க வந்து உங்களுக்குக் கோப்பி ஊத்தித் தரலாம்!”

எப்போதும் அவர்தான் வருவார். நான் போகலாம் என்று எங்கள் இருவருக்கும் தோன்றியதே இல்லை.

பெருநாளை ஒட்டிய நாட்களில் மைலுக்கு இடமில்லை. மகள் திகதியை முன்னும் பின்னும் நகர்த்தி, யாரும் விரும்பாத ஒரு செவ்வாய்க்கிழமையைப் பிடித்தாள். டிக்கெட் மைலில் வந்தாலும் வரி கட்டத்தான் வேண்டும் என்றதும் அவர் முணுமுணுத்தார். பிறகும் கொஞ்சம் மைல் மிஞ்சியது. வைத்திருந்தால் தேயும் என்று, போகிற பயணத்துக்கு மட்டும் என்னை பிஸ்னஸ் கிளாசுக்கு ஏற்றிவிட்டார்.

அப்படித்தான் முதல் பயணத்திலேயே விமானத்தின் முன்வரிசையில் போய் உட்கார்ந்தேன், கைப்பையில் கட்டாக் கருவாட்டோடு. மூன்று பொலித்தீனில் சுற்றியிருந்தேன். ஆனாலும் கொஞ்ச நேரத்தில் பக்கத்துக் கோட்டுக்காரர் குனிந்து தன் சப்பாத்தின் அடியைப் பார்த்தார். பிறகு மற்றச் சப்பாத்தையும் பார்த்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பணிப்பெண் வந்து காதோடு கேட்டாள். “அன்ரி, கட்டாதானே? நானும் உங்கட பக்கம்தான், சிலாபம்.” சிரித்துக்கொண்டே பையை வாங்கிப்போய் எங்கேயோ பூட்டிவைத்தாள்.

ஒரு பட்டனை அழுத்தினேன். கதிரை மெல்லச் சரியத் தொடங்கியது. உடைத்துவிட்டேன் என்று பதறி எழும்பப் பார்த்தேன்; அது தானாகவே கட்டிலாகி நின்றது. அவ்வளவு வசதியிருந்தும் கண்ணை மூடவில்லை. தூங்கினால் மைல் வீண் என்று தோன்றியது.

விமான நிலையத்தில் அவர் காத்திருந்தார். வீட்டைப் பற்றி, மகளைப் பற்றிக் கேட்பார் என்று நினைத்தேன். காரில் ஏறியதும் கேட்டார்:

“அந்தக் கதிரை உண்மையாவே கட்டில் மாதிரி விரியுதா?”

அப்போதுதான் விளங்கியது. இத்தனை வருடமும் அந்தக் கதிரைகளைக் கடந்து பின்னால் போய் உட்கார்ந்தவர் அவர்.

“ஓம், நல்லா விரியுது,” என்றேன். போர்வை எப்படி, கரண்டி எப்படி, சாப்பாடு எதில் வந்தது என்று அவர் விடாமல் கேட்டார். ஒன்றும் விடாமல் சொன்னேன்.

“அடுத்த முறை ரெண்டு பேருமா முன்னுக்கு இருப்பம்,” என்றார்.

“மைல்?”

“அது இனித்தான் சேர்க்கணும்.”