எங்கள் வீட்டை நாங்களே கொளுத்தினோமா?

வீடு எரிந்ததைக்கூடத் தாங்கிக்கொண்டேன். நாங்களே கொளுத்தினோம் என்று ஊர் பேசியதைத்தான் தாங்க முடியவில்லை.

என் பெயர் கிருபா. ரிஷிவந்தியத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறேன். என் கணவர் கரும்பு லாரி ஓட்டுகிறார். வங்கியில் கடன் வாங்கி ஓட்டு வீடு கட்டியிருந்தோம். போன டிசம்பர் முதல் வாரம், கிறிஸ்துமஸுக்கு வெள்ளையடிக்க வேண்டும் என்று பீரோவையும் டிவியையும் என் தங்கை வீட்டில் கொண்டுபோய் வைத்தோம். மூன்றாம் நாள் பகலில், பள்ளியில் சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தபோது, "கிருபா, உன் வூடு எரியுது!" என்று யாரோ கத்தினார்கள். ஓடினேன். தீயணைப்பு வண்டி வருவதற்குள் கூரை இறங்கிவிட்டது. மகளின் பத்தாம் வகுப்புச் சான்றிதழ், துணிமணி, பாத்திரம், எதுவும் மிஞ்சவில்லை.

வங்கிக்குப் போய் அழுதோம். கடன் கொடுத்தபோதே வீட்டுக்கு இன்சூரன்ஸ் போட்டிருப்பதாக மேலாளர் சொன்னார். எங்களுக்கே அது தெரியாது. கையெழுத்துப் போட்ட தாள்களில் அதுவும் ஒன்று. கட்டிடத்துக்கு மட்டும்தான், உள்ளே இருந்த சாமானுக்கு இல்லை. கம்பெனிக்கு உடனே எழுதிக் கொடுக்க வேண்டும், போலீஸில் சொல்ல வேண்டும், தீயணைப்பு நிலையத்தில் அறிக்கை வாங்க வேண்டும், சேதத்தை மதிப்பிடக் கம்பெனி அனுப்பும் சர்வேயர் வந்து பார்க்கும்வரை எதையும் அள்ளக்கூடாது என்றார். சபையின் பின்னறையில் தங்கிக்கொண்டு, தினமும் போய் அந்தக் கரிக்குவியலைப் பார்த்துவிட்டு வந்தோம்.

சர்வேயர் வந்தார். குரலை உயர்த்தாத மனிதர்.

"பீரோ, டிவி எல்லாம் எங்கம்மா?"

"தங்கச்சி வூட்ல வெச்சிருக்கோம் சார். வெள்ளையடிக்கறதுக்காக."

"வெல ஜாஸ்தியானதெல்லாம் மூணு நாள் முன்னாடியே வெளிய போயிடுச்சா?"

எழுதிக்கொண்டார். தீ எப்படிப் பிடித்தது என்று தெரியாமல் தன்னால் எதுவும் சொல்ல முடியாது, மறுபடியும் வருவேன் என்று சொல்லிப் போய்விட்டார்.

அன்று மாலையே ஊர் முழுக்கப் பேச்சு. என் கணவர் சாப்பிடுவதை நிறுத்தினார். ஒருநாள், "நானும் அதுக்குள்ளயே இருந்திருக்கலாம் கிருபா" என்றார். அதற்குப் பிறகு அவரைத் தனியே விடவே பயந்தேன். ஜெபிக்க உட்கார்ந்தால் வார்த்தை வரவில்லை. "ஆண்டவரே, வீடு வேண்டாம். நாங்கள் பொய் சொல்லவில்லை என்று யாராவது ஒருவரைச் சொல்ல வையும்." இதை மட்டும்தான் நாள்தோறும் கேட்டேன். பதில் இல்லை. கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு நான் போகவில்லை. ஆண்டவர் என் ஜெபத்தைக் கேட்கவில்லை என்றே முடிவு செய்துவிட்டேன்.

அடுத்த வாரம் சர்வேயர் திரும்ப வந்தார். அப்போது பக்கத்து வீட்டுப் பச்சையம்மாள் எங்களை நோக்கி வந்தாள். வேலித் தகராறில் ஆறு வருடமாக எங்களோடு பேச்சே இல்லாதவள். எங்களுக்கு எதிராகச் சொல்லத்தான் வருகிறாள் என்று நினைத்தேன்.

"சார், அவுங்க கொளுத்தலிங்க. கரண்டு ஒயரு கூரைக்குள்ள நுழையிற எடத்துல ரெண்டு நாளா பொறி பறந்துக்கினு இருந்துச்சி. பேச்சு இல்லாததால நான் சொல்லாம வுட்டுட்டேன். அன்னிக்கும் மொதல்ல அங்கதாங்க புடிச்சிது." பிறகு என்னைப் பார்த்தாள். "சொல்லியிருந்தா உன் வூடு இருந்திருக்கும் கிருபா. எனக்கு சோறே எறங்கல."

சர்வேயர் அந்த இடத்துக் கரியைக் கிளறினார். உருகிப்போன ஒயரைப் படம் எடுத்தார். அவள் சொன்னதை எழுதிக் கையெழுத்து வாங்கினார்.

உண்மையைச் சொல்கிறேன், அவளை அடிக்கத் தோன்றியது. ஆனால் நானும்தான் ஆறு வருடம் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. இரண்டு பேரும் அந்தச் சாம்பலிலேயே உட்கார்ந்து அழுதோம்.

வெயில் காலத்தில் பணம் வந்தது. பெரும்பகுதி கடனுக்கே போயிற்று. மீதியில் தகரக் கூரை போட்டிருக்கிறோம். மகளின் சான்றிதழ் நகலுக்கு இன்னும் அலைகிறோம். ஆனால் என் கணவர் சாப்பிடுகிறார். வண்டிக்குப் போகிறார். அதற்காகத் தினமும் கர்த்தருக்கு நன்றி சொல்கிறேன்.

அன்பானவர்களே, நான் ஜெபத்தைக் கைவிட்ட பிறகும் அவர் என்னைக் கைவிடவில்லை. நான் யாரை வெறுத்தேனோ அவள் வாயிலேயே என் பதிலை வைத்திருந்தார். நீங்களும் அவரை நம்பிக் காத்திருங்கள். யாரோடாவது பேசாமல் இருந்தால், இன்றைக்கே போய்ப் பேசிவிடுங்கள்.