அவர் சட்டைப்பையில் போன சாவி

என் வீட்டுக்காரர் ஆயுசு முழுக்கச் சாவியை மறந்தவர். வேலை முடிந்து வந்து வாசலில் நின்று மணியடிப்பார். அடுப்படியிலிருந்து கரண்டியோடு ஓடி, திட்டிக்கொண்டே திறப்பேன். அதனால்தான் அவரைக் கிடத்தியிருந்தபோது, வாய்க்கரிசி போட்ட கையோடு அவர் சாவியைச் சட்டைப்பைக்குள் வைத்தேன். யாரும் பார்க்கவில்லை. போகிற இடத்திலாவது மனுஷன் வாசலில் நிற்கக்கூடாது என்று தோன்றியது. அது சிங்கப்பூரில் நாங்கள் குடியிருந்த தெம்பனிஸ் வீட்டுச் சாவி, போகிற இடத்துச் சாவி இல்லை என்பது பிறகுதான் உறைத்தது.

காரியம் எல்லாம் முடிந்தபின் அது ஆரம்பித்தது. அவர் வீடு திரும்பும் சாயங்கால நேரத்தில் இரும்புக் கேட்டில் சாவி திரும்பும் சத்தம். போய்ப் பார்த்தால் காரிடாரில் ஒருவரும் இல்லை. எனக்குப் பயம்தான். சத்தம் வராத நாளில் அதைவிடப் பயம்.

கிளமெண்டியிலிருந்து வந்த மகளிடம் சொன்னேன்.

“பக்கத்து வீட்டு கேட் லா, அம்மா. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்னு நீங்கதானே சொல்வீங்க? ஆனா அப்பா கீ எங்கன்னே தெரியல. யார் கையிலயாவது இருந்தா? லாக்கை மாத்திடலாம்.”

லிட்டில் இந்தியாவில் ஒரு பூட்டுக்கடைக்கு என்னை இழுத்துப்போனாள். ஐந்து நட்சத்திரம் வாங்கிய டிஜிட்டல் பூட்டு ஒன்றைப் போனில் காட்டினாள். கடைக்கார பாய் சிரித்தார்.

“அது வாங்கினவங்க போட்ட ஸ்டார்மா. பெட்டியில இருக்கிற கிரேடைப் பாருங்க. லேப்ல அடிச்சு, திருகி, திரும்பத் திரும்பத் திறந்து பார்த்துக் கொடுக்கிறது அது.”

ஒன்றைவிட மூன்று பெரிதுதானே என்று நான் கிரேடு மூன்று போட்ட பெட்டியைக் கைகாட்டினேன்.

“இல்லக்கா, இது அமெரிக்காக்காரன் கணக்கு. ஒண்ணுதான் உசத்தி, மூணு கடைசி. ஐரோப்பாக்காரன் கணக்குல நம்பர் ஏற ஏறத்தான் பலம். எந்த ஊர்த் தரம்னு பார்க்காம நம்பரை நம்பக்கூடாது.”

“இதைப் போட்டா பழைய சாவி?” என்று கேட்டேன்.

“எதுக்கும் ஆகாதுக்கா. நம்பர் அடிச்சாத்தான் திறக்கும். அதை வெளிய சொல்லிட்டீங்கன்னா எந்த கிரேடும் காப்பாத்தாது.”

மகளுக்குப் பரம திருப்தி. எனக்கு அவர் சட்டைப்பையில் வைத்த சாவிதான் நினைப்பு.

கேட்டுக்கும் கதவுக்கும் கிரேடு ஒன்று பூட்டு வந்தது. மகள் நம்பர் வைத்துக் கொடுத்துவிட்டுக் கிளம்பினாள். அன்றைக்குச் சாயங்காலம் சத்தமே இல்லை. மறுநாளும் இல்லை. நிம்மதி வரும் என்று நினைத்தேன். குழம்பைத் தீயவிட்டுவிட்டு உட்கார்ந்து அழுதேன். வாழ்க்கையில் முதல் தடவையாகச் சாவியோடு வந்த மனுஷனை நானே வெளியே நிறுத்திவிட்டேனே. பழையபடி மணியாவது அடிக்கக்கூடாதா?

அடுத்த நாள் அவர் வரும் நேரத்துக்குக் கதவைத் திறந்துகொண்டு காரிடாரில் நின்றேன். பக்கத்து வீட்டம்மா துணி எடுத்துக்கொண்டிருந்தார். கேட்டால் கேட்கட்டும். மகள் வைத்த நம்பரை ஒவ்வொன்றாக, சத்தமாகச் சொன்னேன்.

மறக்கிற மனுஷன் ஆயிற்றே. இன்னொரு தரமும் சொன்னேன்.