மாசிக் களரிக்குக் கிடைத்த லீவு

குவைத்தில் ஒரு வீட்டில் நான் டிரைவர். சொந்த ஊர் கமுதிப் பக்கம். வீட்டுக்காரரை மற்ற டிரைவர்களைப் போலவே 'பாபா' என்றுதான் கூப்பிடுவேன்.

பிப்ரவரி கடைசியில் அங்கே தேசிய தினம், மறுநாள் விடுதலை தினம். சுதந்திரம் கிடைத்தது என்னவோ கோடையில்தானாம். அந்த வெயிலில் யார் தெருவுக்கு வருவது? பழைய மன்னர் பட்டத்துக்கு வந்த நாளுக்கு விழாவை மாற்றிவிட்டார்கள் என்பார் பாபா. விடுதலை தினம், பக்கத்து நாட்டுப் படை வெளியேறிய நாள். அந்தப் படை இருந்த மாதங்களில் ஊரைவிட்டுப் போகாமல் இருந்தவர் அவர். அதனால் ஆண்டுதோறும் காரில் கொடி கட்டி, மகள் வயிற்றுப் பேரப்பிள்ளைகளோடு கடற்கரைச் சாலையைச் சுற்றியே ஆக வேண்டும். வண்டி ஓட்டுவது நான்.

ஒரு வருடம் விடுதலை தினமும் சிவராத்திரியும் ஒரே நாளில் வந்தன. சிவராத்திரிக்கு எங்கள் அய்யனார் கோயிலில் மாசிக் களரி. பங்காளிகள் அத்தனை பேரும் குலதெய்வத்தின் முன் கூடும் நாள். என் மகனுக்கு முதல் முடி அங்கேதான் இறக்க வேண்டும். நான் வர முடியாமல் அவனுக்கு மூன்று வயதாகிவிட்டது.

மனைவி போனில் பிடித்துக்கொண்டாள்.

"இந்த வருசமும் வரலேன்னா சொல்லிருங்க, இவன் சடைக்கு ரிப்பன் வாங்கிக்கிறேன். பஸ்ஸுல எல்லாரும் 'பாப்பா பேரு என்ன'ன்னு கேக்குறாக."

"அவுக நாட்டுக்கே பெரிய நாளு. அன்னைக்குப் போயி எப்படி லீவு கேக்குறது?"

"நம்ம அய்யனாரு மட்டும் சின்ன ஆளா? கேளுங்க, சாமி பாத்துக்கிரும்."

சாமியை நினைத்துக்கொண்டு, எனக்குத் தெரிந்த அரபியில் கேட்டேன். பாபா முகம் சுருங்கியது.

"உங்க அரசாங்கம் அதுக்கு லீவு விடுதா?"

"எங்க பக்கம் இல்ல பாபா."

"அப்புறம் யாரு வருவா?"

"எல்லாரும் வருவாங்க. திருப்பூர் மில்லுல இருக்கவங்க, சிங்கப்பூர்ல இருக்கவங்க, எல்லாரும் சம்பளத்த விட்டுட்டு வருவாங்க."

பாபா சிரித்துவிட்டார். "நாட்ட நெனைக்கச் சொல்லி எங்க அரசாங்கம் லீவு விடுது. என் பசங்க அந்த லீவுல லண்டனுக்கு டிக்கெட் போட்டுட்டாங்க. நீ லீவே இல்லாத நாளுக்கு ஊருக்குப் போறேங்கிற. போ. கார நானே ஓட்டிக்கிறேன்."

களரியன்று காலை தாய்மாமன் மடியில் உட்கார்ந்து மகன் கோயிலே அதிர அழுதான். ஒவ்வொரு கொத்தாக முடி விழுந்தது. பாபாவுக்கு வீடியோ கால் போட்டேன். அவர் வாசலில் காருக்குக் கொடி கட்டிக்கொண்டிருந்தார். போனைச் சுற்றிலும் திருப்பிக் காட்டினேன்.

"இத்தன பேரும் உன் சொந்தமா?"

"ஆமா பாபா, எல்லாரும் எங்க பங்காளிங்க." சொல்லும்போது எனக்கே நெஞ்சு நிமிர்ந்தது.

"மாஷா அல்லாஹ்" என்றார்.

பக்கத்தில் நின்ற பெரியப்பா எட்டிப் பார்த்தார். "யாருலே அது?"

"என் மொதலாளி. அவுகளுக்கும் இன்னைக்குத்தான் திருநாளு."

"அப்படியா? அவுக பேரச் சொல்லியும் ஒரு தேங்கா ஒடைங்கடா" என்றார் பெரியப்பா.