எந்தப் பூட்டுக்கும் சேராத சாவி

சின்னவள் வீட்டை விட்டுக் கிளம்பியது ஒரு வியாழக்கிழமை. விடிந்ததிலிருந்தே தூறல். பஸ் ஏழரைக்கு. முன்னாடியே வந்து நிற்கிறேன் என்று சொன்ன அம்மாவை ஏழே கால் ஆகியும் காணோம். ஏழு இருபதுக்கு அண்ணன் மட்டும் நனைந்த தலையோடு ஓடிவந்தான், கையில் சாப்பாட்டு டப்பாவோடு.

"அம்மா எங்கே?"

"கோடி வீட்டு டீச்சர் அடுப்புல பாலை வெச்சுட்டு அப்படியே பூட்டிட்டுப் போயிட்டாங்க. உள்ளே அவங்க அப்பா படுத்த படுக்கையா இருக்காரு. ஜன்னல்ல புகை வருது. அம்மா சாவியை எடுத்துட்டு ஓடிட்டா. இரு, வந்துடுவா."

பஸ்ஸுக்கு அம்மாவையும் தெரியாது, டீச்சரின் பாலையும் தெரியாது. சரியாக ஏழரைக்கு அது நகர்ந்தது. நனைந்த கண்ணாடி வழியே தெரிந்ததெல்லாம் பாதி கரைந்த குடைகள். அவற்றில் ஒன்று அம்மாவுடையதாக இருக்குமோ என்று வளைவு திரும்பும்வரை தேடினாள். இல்லை.

பெரியவர் பிழைத்துக்கொண்டார். அம்மா இன்னும் கால் மணி நேரம் தாமதித்திருந்தால் போயிருப்பார் என்றார் டாக்டர். அண்ணன் கடிதத்தில் அதை எழுதியிருந்தான். சின்னவளுக்கும் அது புரிந்தது. புரிந்ததனால்தான் கோபம் கூடியது. நியாயமான காரணத்தின் மேல் எப்படிக் கோபப்படுவது? எங்கே காட்டுவது என்று தெரியாமல் முதல் கடிதத்திலேயே அம்மாவுக்கு எழுதிவிட்டாள்: "ஊரில் இருக்கும் சாவியெல்லாம் உன் பலகையில் தொங்கட்டும். என் வீட்டுச் சாவி ஒருநாளும் அதில் தொங்காது."

பலகை என்றால் அடுப்படிச் சுவரில் இருந்த மரப்பலகை. வரிசையாக ஆணிகள், ஆணிக்கு ஒரு சாவி. தெருவின் இருபத்து மூன்று வீடுகளின் மாற்றுச் சாவியும் அங்கேதான். அது தொடங்கியது யாரோ விழுந்த சத்தத்தில். தனியாக இருந்த ஒரு மனிதர் வீட்டுக்குள் வழுக்கி விழுந்துவிட்டார். கதவை உடைக்கலாமா கூடாதா என்று வாசலில் பேசியே அரை நாள் போனது. மறுநாள் அம்மா வீடு வீடாகப் போய் நின்றாள். "ஒரு சாவி என்கிட்ட குடுத்து வைங்க. நான் என்ன, உங்க வீட்டுல குடித்தனமா பண்ணப் போறேன்?"

அம்மாவுக்கு வேலை ஆஸ்பத்திரித் துணி அறையில். கிழிந்த படுக்கை விரிப்புகளைத் தைப்பாள். சாவிகளுக்கும் துணிதான் அடையாளம். எந்த வீட்டுச் சாவியோ அந்த வீட்டின் ஜன்னல் திரையிலிருந்தோ பழைய சட்டையிலிருந்தோ ஒரு கீற்று வெட்டி வளையத்தில் முடிந்துவிடுவாள். "நம்பர் எழுதி வெச்சா திருடனுக்கு விலாசம் குடுத்த மாதிரி. துணின்னா எனக்கு மட்டும்தான் தெரியும்."

ஆள் வெளியூர் போனால் செடிக்குத் தண்ணீர், பூனைக்குச் சோறு, மறந்துபோன இஸ்திரிப் பெட்டியை அணைப்பது எல்லாம் அவள்தான். ஒரே ஒரு விதி வைத்திருந்தாள். எந்த வீட்டையும் வாசலில் நின்று மூன்று தரம் கூப்பிடாமல் திறக்க மாட்டாள். உள்ளே யாரும் இல்லை என்று தெரிந்தாலும் கூப்பிடுவாள். "வீட்டுக்கும் ஒரு மரியாதை இருக்கு."

தெருவுக்கு அவள் சாவியம்மா. "சாவியம்மாவுக்கு மட்டும் கெட்ட புத்தி வந்தா இந்தத் தெருவே காலி" என்பார் தபால்காரர்.

"உங்க வீட்டுல எடுக்க என்ன இருக்கு? என்கிட்ட வாங்கிட்டுப் போன குடை ஒண்ணு இருக்கு. அதையும் நான் எடுத்தா திருட்டு ஆகாது."

வீட்டுக்குள்ளும் அவள் சொன்னதுதான். அவளுடைய தம்பிகள் இருவரும், அதாவது பெரிய மாமாவும் சின்ன மாமாவும், நடுச்சுவர் ஒன்றுக்காக மூன்று வருடம் முகம் பார்க்காமல் இருந்தார்கள். ஒருநாள் இருவரையும் தனித்தனியே வரச்சொல்லி, அடுப்படியில் ஒரு கூடை வெங்காயத்தோடு உட்காரவைத்து வெளியே பூட்டிவிட்டாள். "உரிச்சு முடிச்சதும் தட்டுங்க." இரண்டு மணி நேரம் கழித்துத் திறந்தபோது இருவர் கண்ணிலும் தண்ணீர். வெங்காயமா பாசமா என்று கேட்டவர்களிடம் அம்மா, "எனக்குச் சாம்பார் ஆகணும், அவ்வளவுதான்" என்றாள்.

சின்னவள் போன ஊரில் அவளுக்கு நில அளவைத் துறையில் வேலை. மாடியில் ஓர் அறை, மஞ்சள் பூப்போட்ட திரை, கீழே அவளைவிட ஏழெட்டு வயதே மூத்த வீட்டுக்கார அக்கா. மாதத்தில் பாதி நாள் நிலம் அளக்கும் சங்கிலியும் கூடாரமுமாகக் காடு மேடெல்லாம் அலைவாள். ஒருமுறை மூன்று வாரம் கழித்துத் திரும்பி வந்தபோது ஜன்னல் திரை இரண்டு விரற்கடை குட்டையாகத் தெரிந்தது. கீழே ஒரு கோடு வெளிச்சம் தரையில் படுத்துக் கிடந்தது.

"அக்கா, திரை ஏன் இப்படிக் குட்டையா இருக்கு?"

"துவைச்சேன், சுருங்கிடுச்சு" என்றாள் அக்கா, முகத்தைத் திருப்பிக்கொண்டு.

அந்தக் கோட்டு வெளிச்சம் நாளடைவில் பழகிப்போனது. காலையில் அது கட்டில் காலைத் தொட்டால் ஏழு மணி. கடிகாரம் வாங்க வேண்டியிருக்கவில்லை.

பிறகு வேறு ஊர்கள், வேறு அறைகள். வருடத்துக்கு ஒருமுறை வீட்டுக்கு வருவாள். அம்மா சாப்பாடு போடுவாள், ஊர்க்கதை சொல்லுவாள், பாதிச் சாப்பாட்டில் யாராவது கூப்பிட்டால் எழுந்து ஓடுவாள். சாவியைப் பற்றி இருவரும் பேசியதே இல்லை. ஆனால் சின்னவளின் உள்ளே ஒரே கேள்வி அந்த வியாழக்கிழமைத் தூறல்போல நிற்காமல் விழுந்துகொண்டிருந்தது. ஊருக்கெல்லாம் ஓடியவள் எனக்காக ஒருநாளாவது ஓடியிருப்பாளா?

கேட்டிருக்கலாம். கேட்பதற்குள் அம்மா எண்பத்து நான்காவது வயதில், மதியத் தூக்கத்திலேயே போய்விட்டாள்.

அடக்கம் முடிந்த மறுவாரம் அண்ணன் பலகையைக் கழற்றினான். தெரு முழுக்க வாசலில் வந்து நின்றது, அவரவர் சாவியை வாங்கிக்கொள்ள. அப்போதுதான் தெரிந்தது. நாற்பது வருட அடுப்புப் புகையில் துணிக்கீற்றுகள் எல்லாம் ஒரே தேநீர் நிறமாகிவிட்டிருந்தன. பூவும் இல்லை, கட்டமும் இல்லை. எது எந்த வீட்டுத் துணி என்று தொட்டே சொன்ன விரல்கள் இப்போது இல்லை.

"நாம எல்லாரும் ஏமாந்துட்டோம் போ" என்றார் தபால்காரர். வேலையிலிருந்து ஓய்வு பெற்று அவருக்கும் தலை நரைத்திருந்தது. "திருடனுக்கு மட்டும்தான் தெரியாதுன்னு நெனச்சோம். நமக்கும் தெரியல."

வேறு வழியில்லை. ஆளுக்கு இரண்டு சாவியாக எடுத்துக்கொண்டு கதவு கதவாகப் போனார்கள். அன்று பிற்பகல் முழுவதும் தெரு ஒரு கனவில் நடப்பதுபோல் நடந்தது. எங்கே பார்த்தாலும் சாவி திரும்பும் மெல்லிய சத்தம். வெயில் மாவுபோல் சுவர்களில் அப்பிக் கிடந்தது. பேசுபவர்கள்கூடத் தணிந்த குரலில் பேசினார்கள். டீச்சர் வீட்டுச் சாவி தையல்காரர் கையில், தையல்காரர் வீட்டுச் சாவி அண்ணி கையில். வீட்டுக்காரரே பக்கத்தில் நிற்கும்போதும், ஒவ்வொருவரும் பூட்டில் சாவியை வைப்பதற்கு முன் வாசலில் நின்று மூன்று தரம் கூப்பிட்டார்கள். யாரும் சொல்லித் தரவில்லை. யாரும் சிரிக்கவும் இல்லை.

வெயில் சாய்வதற்குள் எல்லாச் சாவிக்கும் வீடு கிடைத்துவிட்டது. ஒன்றுக்கு மட்டும் இல்லை. நீளக் கழுத்துள்ள பித்தளைச் சாவி. இருபத்து மூன்று கதவையும் பார்த்தாயிற்று. அலமாரி, பெட்டி, ஆஸ்பத்திரித் துணி அறை வரைக்கும் போய்ப் பார்த்தாயிற்று.

"அம்மா எங்கேயோ தனிக்குடித்தனம் வெச்சிருந்திருக்கா போலிருக்கு" என்றான் அண்ணன். சொன்னவனே முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

சின்னவள் அதைத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள். ஊருக்குத் திரும்பிய பிறகு கதவருகே ஓர் ஆணி அடித்து மாட்டினாள். போகும்போதும் வரும்போதும் கை தானாக அதைத் தொடும். யாருடைய வீடு இது என்று கேட்பாள். சாவி லேசாக ஆடும், அவ்வளவுதான்.

இரண்டு வருடம் போனது. ஒரு ஞாயிறு காலை அவளுடைய போனில் ஒரு குரல் பதிவு வந்து விழுந்தது. தெரியாத எண். கேட்க ஆரம்பித்த பிறகுதான் புரிந்தது, அந்த முதல் அறையின் வீட்டுக்கார அக்கா. இப்போது குரலில் எழுபது வயது நடுக்கம்.

"நல்லா இருக்கியாம்மா? உன் பழைய ஆபீஸ்ல கேட்டு நம்பர் வாங்கினேன். நம்ம வீட்டை இடிக்கிறாங்க, பசங்க புதுசா கட்டப் போறாங்க. சாவியெல்லாம் கணக்குப் பார்த்தா மாடி ரூமுக்கு ஒண்ணு குறையுது. அப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு, அது உங்க அம்மா வாங்கிட்டுப் போனது. ஆமா, வந்தாங்க. நீ காட்டுக்குப் போயிருந்த சமயம். ஒரு பகல், ஒரு ராத்திரி பஸ்ல வந்தாங்களாம். நீ இல்லைன்னு சொன்னேன். ரெண்டு நாள் இருந்து பார்த்துட்டுப் போறேன்னாங்க. அந்த ரெண்டு நாள்ல உன் ரூமைத் துடைச்சு, உன் சட்டைக்கெல்லாம் பட்டன் தைச்சு வெச்சாங்க. போகும்போது கையோட வெச்சுக்க ஒரு சாவி குடுன்னு கேட்டாங்க. திரையில ஒரு கீத்து வெட்டி அதுல கட்டிட்டு, மிச்சத்தை மடிச்சுத் தைச்சுட்டாங்க. என்னத்துக்கும்மா, இவ்வளவு தூரத்துல இருந்துட்டு அடிக்கடி வந்து திறக்கவா போறீங்கன்னு கேட்டேன். 'இல்லம்மா, மாட்டி வெச்சிருந்தா மனசு அடங்கும்'னாங்க. உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாங்க. வேவு பார்க்க வந்தேன்னு நினைச்சுப்பான்னு சொன்னாங்க. அதான் திரை சுருங்கிடுச்சுன்னு உன்கிட்ட பொய் சொன்னேன், மன்னிச்சுக்கோ. இன்னொண்ணு, அது மட்டும் எனக்கு இன்னைக்கும் மறக்கல. வந்த அன்னைக்கு நீ இல்லைன்னு நான் சொல்லியாச்சு, ரூமைத் திறக்கச் சாவியும் குடுத்தாச்சு. அப்பவும் மாடிப்படியில நின்னுக்கிட்டு, 'சின்னவளே, சின்னவளே, சின்னவளே'ன்னு மூணு தரம் கூப்பிட்டுட்டுத்தான் கதவைத் திறந்தாங்க. சாவியைத் திருப்பி அனுப்ப வேணாம்மா. வீடு இனிமே இல்ல. அது உன்கிட்டயே இருக்கட்டும்."